வினையோடு ஒட்டி வரும் சின்னச் சொல்



ஆங்கிலத்தில் 'லுக்' என்றால் பார். 'ஆஃப்டர்' என்றால் பிறகு. அப்படியானால் 'லுக் ஆஃப்டர்' என்றால் என்ன? வீட்டு வேலைக்குப் போகவிருந்த ஒரு தங்கச்சியின் ஒப்பந்தத் தாளில் இந்தச் சொல் இருந்தது. அவர் சாதாரண தரம் வரை படித்தவர். "பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள் அக்கா" என்றார். உண்மையில் அந்த வரி, இரண்டு பிள்ளைகளையும் ஒரு முதியவரையும் கவனித்துக்கொள்வது அவருடைய பொறுப்பு என்று சொன்னது. அவருக்கு இரண்டு சொற்களும் தெரிந்திருந்தன. இரண்டும் சேர்ந்ததும் வந்த மூன்றாவது பொருள்தான் தெரியவில்லை.

இது ஒருவருக்கு மட்டும் உரிய சிக்கல் அல்ல. ஹட்டன், கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவ பகுதிகளிலிருந்து எத்தனையோ யுவதிகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாட்டு வீடுகளுக்கும் வேலைக்குப் போகிறார்கள். தோட்டத்தில் இருப்பவர்களுக்கும் கடன் படிவம், தொலைபேசிக் குறுந்தகவல், கம்பனிக் கடிதம் என்று ஆங்கிலம் வீடு தேடி வருகிறது. அந்த ஆங்கிலத்தில் நம்மை இடறி விழுத்துவது பெரும்பாலும் நீண்ட சொல் அல்ல. 'ஒன்', 'ஒஃப்', 'அப்', 'அவுட்', 'ஓவர்' என்று வினைக்குப் பின்னால் வரும் இரண்டு மூன்று எழுத்துச் சொல்தான். பாடசாலையில் இவற்றில் பலவற்றை முன்னிடைச்சொல் என்று படித்திருப்பீர்கள். இந்த மாதம் அவற்றைப் பற்றிப் பேசுவோம்.

நமக்கு இது புதிதல்ல

முதலில் ஒரு பயத்தை நீக்கிக்கொள்வோம். ஒரு வினையோடு இன்னொரு சொல் சேர்ந்து புதுப்பொருள் தருவது தமிழுக்குப் பழக்கமான விடயம். 'பார்' என்றால் கண்ணால் காண்பது. 'பார்த்துக்கொள்' என்றால் பராமரிப்பது. "வேலைக்குப் போகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்" என்று பிள்ளை மடுவத்தில் சொல்லிவிட்டுப் போகும் தாய், பிள்ளையைக் கண்ணால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்படி சொல்லவில்லை. ஆங்கிலத்தின் 'லுக் ஆஃப்டர்' இதுவேதான். அவர்களும் 'பார்' என்ற வினையைத்தான் எடுத்திருக்கிறார்கள். நாம் 'கொள்' சேர்த்தோம், அவர்கள் 'ஆஃப்டர்' சேர்த்தார்கள்.

'கொடு' என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடு, விட்டுக்கொடு, காட்டிக்கொடு. மூன்றிலும் 'கொடு' இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒன்றா? ஆங்கிலத்திலும் 'கிவ் பேக்' என்றால் திருப்பிக் கொடுப்பது, 'கிவ் இன்' என்றால் விட்டுக்கொடுப்பது, 'கிவ் அவே' என்றால் சில இடங்களில் காட்டிக்கொடுப்பது. 'கிவ் அப்' என்றால் கைவிடுவது. அதேபோல் 'புட்' என்றால் போடு அல்லது வை. 'புட் ஒஃப்' என்றால் தள்ளிப்போடு. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்.

தோட்டத்தில் நாம் பேசும் மொழியிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. 'பேர் பதிதல்' என்றால் தொழிலாளியாகச் சேர்வது. 'பேர் போடுதல்' என்றால் அன்றைய வேலையைச் செக்ரோலில் பதிவது. 'பேர் வெட்டுதல்' என்றால் தோட்டத்திலிருந்து நீக்குவது. மூன்றிலும் 'பேர்' ஒன்றுதான். கூட வரும் சொல் மாறினால் ஒரு குடும்பத்தின் சாப்பாடே மாறிவிடும். வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்கு 'பேர்' என்ற சொல் மட்டும் தெரிந்து என்ன பயன்? ஆங்கிலத்தின் முன்னால் நாம் அந்த வெளியூர்க்காரரின் நிலையில் இருக்கிறோம், அவ்வளவுதான்.

நமது வேற்றுமை உருபுகளும் இதே வேலையைச் செய்கின்றன. "அவளிடம் கேள்", "அவளைப் பற்றிக் கேள்", "அவளுக்காகக் கேள்" என்பவை மூன்று வேறு செயல்கள். வித்தியாசம் என்னவென்றால், நாம் உருபைப் பெயரின் பின்னால் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அது தனிச்சொல்லாகப் பெயரின் முன்னால் நிற்கிறது. நாம் "மேசை மேல்" என்போம். அவர்கள் "ஒன் த டேபிள்" என்பார்கள்.

படித்தும் ஏன் தெரியவில்லை?

பரீட்சைக்காக நாம் சொற்களைத் தனித்தனியாகப் பாடமாக்குகிறோம். 'போஸ்ட்போன்' என்றால் ஒத்திவைத்தல் என்று தெரிந்த பிள்ளைக்கு 'புட் ஒஃப்' தெரிவதில்லை. 'இன்வெஸ்டிகேட்' என்றால் விசாரித்தல் என்று தெரியும், 'லுக் இன்டு' தெரியாது. 'டொலரேட்' தெரியும், 'புட் அப் வித்' தெரியாது. நீண்ட சொற்கள் கடிதத்திலும் புத்தகத்திலும் வருகின்றன. வீட்டிலும் கடையிலும் தொழிற்சாலையிலும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் சின்னச் சொற்களைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

இந்தச் சிரமம் நமக்கு மட்டும் உரியதும் அல்ல. 1755ஆம் ஆண்டில் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜோன்சன், வினையோடு சின்னச் சொல் சேரும் இந்த முறைதான் பிறநாட்டவருக்கு மிகப் பெரிய கஷ்டத்தைக் கொடுக்கிறது என்று அதன் முன்னுரையிலேயே குறிப்பிட்டார். 1930இல் சி. கே. ஒக்டன் என்ற அறிஞர், உலகத்தார் எளிதாகப் படிப்பதற்காக 850 சொற்கள் மட்டும் கொண்ட ஓர் எளிய ஆங்கிலத்தை அமைத்தார். அதில் வினைகள் 18 மட்டுமே. வா, போ, கொடு, எடு, வை, செய் போன்ற வினைகளோடு 'இன்', 'அவுட்', 'அப்', 'ஒஃப்' முதலியவற்றைச் சேர்த்தால் மற்ற எத்தனையோ வினைகளின் வேலையைச் செய்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். சொற்கள் குறைந்தது உண்மைதான். ஆனால் அவை ஒன்றோடொன்று சேரும் விதத்தைத் தனியாகப் படிக்கவேண்டி வந்தது. ஆங்கிலத்தின் பலமும் சிக்கலும் ஒரே இடத்தில் இருப்பதை இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன்னால்

ஒரு தாளை விளங்காமல் கையில் வைத்திருப்பது என்ன என்பது நமது மூதாதையருக்குத் தெரியும். கங்காணி முறை இருந்த காலத்தில் ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போவதற்குத் 'துண்டு' வேண்டும். அவருடைய கடனைக் கட்டினால் விடுவிப்போம் என்பதற்கான சீட்டு அது. தன் பெயரில் எவ்வளவு கடன் என்பதை வாசிக்கத் தெரியாத மக்கள் அந்தத் துண்டோடு தோட்டம் தோட்டமாக மாறினார்கள். 1921ஆம் ஆண்டின் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஆனால் விளங்காத தாளில் கையெழுத்திடும் பழக்கம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

ஆங்கிலத்தில் கையெழுத்து 'சைன்'. அதன் பின்னால் வருவதைக் கவனியுங்கள்.

'சைன் ஃபோர்' என்றால் ஒன்றைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திடுவது. எனவே பொருளோ பணமோ கைக்கு வந்து, எண்ணிப் பார்த்த பிறகே இதைச் செய்யவேண்டும். 'சைன் அப்' என்றால் ஒரு திட்டத்தில், சீட்டில் அல்லது வகுப்பில் சேர்வது. சேர்ந்தால் மாதாந்தம் ஏதும் கட்டவேண்டுமா என்று கேளுங்கள். 'சைன் ஒஃப்' என்றால் பல வேலைத்தலங்களில் வேலை சரியாக முடிந்தது என்று உறுதிப்படுத்துவது. பிறகு குறை இருந்தால் உங்களைத்தான் கேட்பார்கள். 'சைன் ஓவர்' என்றால் உங்களுடைய உரிமையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுப்பது. காணி, வீடு, வாகனம் பற்றிய தாளில் இந்த 'ஓவர்' வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விடயம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

பணம் கட்டுவதற்கு 'பே'. 'பே ஃபோர்' என்றால் ஒரு பொருளுக்கு விலை கொடுப்பது. 'பே பேக்' என்றால் வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பது. 'பே ஒஃப்' என்றால் கடனை முழுதாகத் தீர்ப்பது. கடன் தவணை பாதி கட்டியவர் 'பே ஒஃப்' ஆகிவிட்டது என்று நினைத்திருக்கக் கூடாது. ஆனால் ஓர் ஆளை 'பே ஒஃப்' செய்தார்கள் என்றால், கணக்கை முடித்து வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள் என்று பொருள்.

'ஒஃப்' என்பதை நாம் அன்றாடம் பேசுகிறோம். "இன்றைக்கு எனக்கு ஒஃப்" என்றால் விடுமுறை. இதே நினைப்பில், ஆடைத் தொழிற்சாலையிலிருந்து 'லே ஒஃப்' என்று கடிதம் வந்தால் லீவு கொடுத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுபவர்கள் இருக்கிறார்கள். 'லே ஒஃப்' என்றால் கொடுப்பதற்கு வேலை இல்லை என்று நிறுத்தி வைப்பது. அது தற்காலிகமாகவும் இருக்கலாம், ஒரேயடியாகவும் இருக்கலாம். எது என்று உடனே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வது அவசியம்.

'கோல்' என்ற வினையின் கதையையும் கேளுங்கள். ஒரு யுவதிக்குக் கொழும்பில் நேர்முகப் பரீட்சை இருந்தது. முதல் நாள் இரவு ஒரு குறுந்தகவல் வந்தது. அதில் 'இன்டர்வியூ', 'கோல்ட்' என்ற இரண்டு சொற்களைக் கண்டதும் தன்னை அழைத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். தாய் அயல் லயத்தில் கடன் வாங்கிக் கொடுத்த காசில் விடியற்காலை பஸ் ஏறினார். வாசலில்தான் தெரிந்தது, தகவலில் இருந்தது 'கோல்ட் ஒஃப்' என்று. பரீட்சை இரத்துச் செய்யப்பட்டிருந்தது. 'கோல் ஃபோர்' என்றால் வரும்படி அழைப்பது அல்லது கோருவது. 'கோல் பேக்' என்றால் திரும்ப அழைப்பது. 'கோல் ஒஃப்' என்றால் நடக்காது என்று கைவிடுவது. அந்தச் சின்ன 'ஒஃப்' ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் செலவு வைத்துவிட்டது.

இங்கே ஓர் உரிமையையும் நினைவூட்டவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் அதற்கான ஏற்பாடுகளை விரிவாக்கியது. ஆகவே அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை உண்டு. அது மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். பிரதேச செயலகத்தில் ஆங்கிலப் படிவம் நீட்டப்பட்டால், தமிழ்ப் படிவம் கேட்பது வெட்கப்படவேண்டிய காரியம் அல்ல. தனியார் கம்பனி, வெளிநாட்டு எசமான், முகவர் ஆகியோரின் தாள்களில்தான் ஆங்கிலம் நம்மைத் தனியாகச் சந்திக்கிறது.

சமையலறையிலும் வேலைத்தலத்திலும்

'டேர்ன்' என்றால் திருப்பு. 'டேர்ன் ஒன்' என்றால் போடு. 'டேர்ன் ஒஃப்' என்றால் நிறுத்து. 'டேர்ன் டவுன்' என்றால் குறை. எரிவாயு அடுப்பைக் குறைக்கச் சொன்னபோது அணைத்தால் சோறு வேகாது, அவ்வளவுதான். அணைக்கச் சொன்னபோது குறைத்துவிட்டு வெளியே போனால் ஆபத்து. ஒரு வேலை விண்ணப்பத்தை 'டேர்ன் டவுன்' செய்தார்கள் என்றால், அது நிராகரிக்கப்பட்டது என்று அர்த்தம். 'புட் அவுட்' என்பதும் அப்படித்தான். தீயோடு வந்தால் அணைப்பது, குப்பையோடு வந்தால் வெளியே வைப்பது.

காதால் கேட்கும்போது ஒரு வழி உதவும். "டேர்ன் இட் ஒஃப்" என்று சொல்பவர் 'ஒஃப்' என்பதைச் சற்று அழுத்திச் சொல்வார். ஆகவே வினையைக் கேட்டதும் ஓடிவிடாமல் வாக்கியத்தின் கடைசி வரை காது கொடுங்கள். விளங்காவிட்டால் "ஒன்? ஒஃப்?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதனால் யாரும் வேலையை விட்டு அனுப்புவதில்லை.

பேசும்போது இன்னொரு சிறு விதி உண்டு. படிவத்தை நிரப்புவது 'ஃபில் இன்'. "ஃபில் இன் த போர்ம்" என்றும் சொல்லலாம், "ஃபில் த போர்ம் இன்" என்றும் சொல்லலாம். ஆனால் 'அதை' என்ற பொருளில் 'இட்' வந்தால் அது நடுவில்தான் வரவேண்டும், அதாவது "ஃபில் இட் இன்". 'லுக் ஆஃப்டர்' அப்படிப் பிரியாது. "லுக் ஆஃப்டர் ஹிம்" என்றே வரும்.

சின்னச் சொல்லின் குணம்

இவற்றை எல்லாம் எப்படி மனதில் வைப்பது என்று மலைத்துவிட வேண்டாம். ஒவ்வொரு சின்னச் சொல்லுக்கும் ஓரளவு ஒரு குணம் உண்டு.

ஒஃப் - விலகுதல், துண்டித்தல். கட் ஒஃப் (துண்டி), டேக் ஒஃப் (கழற்று), கோல் ஒஃப் (இரத்துச் செய்).
அப் - முழுவதுமாக. யூஸ் அப் (முழுதும் பாவித்து முடி), ஈட் அப் (மிச்சமில்லாமல் சாப்பிடு), ஃபில் அப் (நிறைய நிரப்பு).
அவுட் - வெளியே வருதல், தீர்ந்துபோதல். ஃபைண்ட் அவுட் (கண்டுபிடி), ரன் அவுட் (தீர்ந்துபோ).
பேக் - திரும்ப. கிவ் பேக், பே பேக், கோல் பேக்.
ஓவர் - கைமாறுதல். ஹேண்ட் ஓவர் (ஒப்படை), டேக் ஓவர் (பொறுப்பெடு), சைன் ஓவர் (எழுதிக் கொடு).
டவுன் - குறைதல், விழுதல். கட் டவுன் (குறை), பிரேக் டவுன் (பழுதாகி நின்றுபோ).

எல்லா இடத்திலும் இந்தக் கணக்குப் பொருந்தாது. 'கிவ் அப்' என்பதை இதை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இருந்தாலும் புதிதாக ஒன்று வரும்போது நல்லதோர் ஊகத்துக்கு இது உதவும்.

நாம் பேசும் ஆங்கிலம்

இலங்கையில் ஆங்கிலம் பேசுபவர்களுக்கென்றே சில பழக்கங்கள் உண்டு. மைக்கல் மெய்லர் என்பவர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். நம்மவர்கள் பஸ்ஸிலிருந்து 'கெட் டவுன்' ஆவார்கள். இங்கிலாந்தில் 'கெட் ஒஃப்' என்பார்கள். பட்டம் பெற்று வெளியேறியவரை நாம் 'பாஸ் அவுட்' ஆனார் என்போம். இங்கிலாந்துக்காரர் அதைக் கேட்டால் மயங்கி விழுந்துவிட்டார் என்று நினைக்கக்கூடும்! 'டிஸ்கஸ் எபவுட்' என்று சொல்வதும் நமது வழக்கம். தமிழில் "அதைப் பற்றிக் கலந்துரையாடினோம்" என்பதால் அந்தப் 'பற்றி' ஆங்கிலத்துக்குள்ளும் நுழைந்துவிட்டது. பரீட்சையில் இதற்குப் புள்ளி வெட்டுவார்கள், ஆகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவேண்டும். ஆனால் இப்படிப் பேசுகிறார் என்பதற்காக ஒருவரை ஏளனம் செய்வது சரியல்ல. தாய்மொழியின் வாசனை எல்லோருடைய பேச்சிலும் இருக்கத்தான் செய்யும்.

துரைமார் படித்த விதம்

ஒரு காலத்தில் படிக்கவேண்டிய நிலை மறுபக்கம் இருந்தது. பிரித்தானியாவிலிருந்து புதிதாக வந்த சின்னத்துரைமாருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்காகப் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொழும்பில் வெளிவந்த ஒரு கைந்நூலின் பெயரே 'இங்கே வா' என்பதாகும். 1915இல் டபிள்யூ. ஜி. பி. வெல்ஸ் என்பவர், தோட்டத் தொழிலாளர் பேசும் தமிழைக் கற்பிக்க இன்னொரு நூலை வெளியிட்டார். நமது மக்களைக் 'கூலி' என்று அழைத்தே அந்நூலுக்குப் பெயரிட்டார்கள் என்பதை மறக்க முடியாது. அந்தக் காலத்து அதிகாரம் அதில் தெரிகிறது. ஆனாலும் 'இங்கே' ஒரு நாள், 'வா' இன்னொரு நாள் என்று இல்லாமல், நாளை காலையில் பாவிக்கவேண்டிய பேச்சை முழுதாகப் படிப்பதே அந்த வழி.

நாமும் அதையே செய்யலாம். ஏவுவதற்காக அல்ல, ஏமாறாமல் இருப்பதற்காக.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பி போதும். ஒரு பக்கத்துக்கு ஒரு வினையை எழுதுங்கள். 'லுக்' என்ற பக்கத்தில் லுக் அட் (பார்), லுக் ஃபோர் (தேடு), லுக் ஆஃப்டர் (பார்த்துக்கொள்), லுக் இன்டு (விசாரித்துப் பார்) என்று சேருங்கள். பக்கத்தில் தமிழ்ச் சொல் ஒன்று, உங்கள் வீட்டு விடயத்தை வைத்து ஒரு முழு வாக்கியம். "அம்மா தம்பியை லுக் ஆஃப்டர் செய்கிறார்" என்று ஆரம்பித்தாலும் பரவாயில்லை, பிறகு முழு ஆங்கில வாக்கியமாக மாற்றலாம். நாளைக்கு ஒன்று என்றால் மாதத்துக்கு முப்பது. கடிதமோ குறுந்தகவலோ வந்தால், வினையைக் கண்டதும் அடுத்த சொல்லின் கீழ் ஒரு கோடு போட்ட பிறகே பொருள் பாருங்கள்.

"எனக்கு ஆங்கிலம் தெரியாது, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்" என்று ஒதுங்கும் தாய்மாருக்கும் இதில் வேலை இருக்கிறது. கொழுந்து எடுத்துவிட்டு வந்து அடுப்படியில் இருக்கும்போதே, "விட்டுக்கொடு என்பதற்கு ஆங்கிலத்தில் என்ன? தள்ளிப்போடு என்பதற்கு என்ன?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். பிள்ளை தேடிப் பிடிக்கட்டும். கேள்வி உங்களுடையது, அதற்குத் தேவையான தமிழ் உங்களிடம் நிறைய இருக்கிறது.

உங்கள் கைக்கு வந்த தாளில் விளங்காத இப்படிப்பட்ட சொற்சேர்க்கை இருந்தால், பெயர் விபரங்களை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் எழுதி அனுப்புங்கள். வரும் இதழ்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பார்ப்போம். அதுவரை, விளங்காத தாளில் கையெழுத்திடுவதை மட்டும் தள்ளிப்போடுங்கள்.